பெங்களூரில் எனக்கு வந்த கட்டி

எங்கள் தெருவில் ரங்கூன் போய் வந்தவர் ஒருவர் உண்டு, பினாங்கு போய் வந்தவர்கள் இரண்டு பேர். மூவரும் சேர்ந்துவிட்டால் மற்றவன் வாயைத் திறக்க முடியாது. நானும் வெளிநாடு போனவன்தான் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். எங்கே என்றார்கள். பெங்களூர் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறு ராஜா, வேறு பாஷை, போலீஸ்காரன் தலையில் வேறு தொப்பி, சாம்பாரில் வெல்லம். வெளிநாட்டுக்கு இதற்கு மேல் என்னய்யா லட்சணம் வேண்டும்?

எந்த வண்டியில் போனோம், எங்கே மாறினோம் என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. யுத்தகாலம், நின்றுகொண்டே போனோம், அவ்வளவுதான். ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா புருஷன் சோமு மச்சான் மதுரையில் வாழைக்காய் மண்டியில் ஏலம் விடுகிறவர். குரல்தான் அவர் சொத்து. மண்டிக்குள்ளே நின்று அவர் "ஒருதரம்" என்றால் தெருவில் வண்டிமாடு திரும்பிப் பார்க்கும். அந்த மனிதர் ஆறு மாதமாக இருமிக்கொண்டிருந்தார். இருமினால் துண்டில் ரத்தம்.

மதுரையில் நாலு பேரிடம் காட்டினோம். ஒருவர் வாயு என்றார். ஒருவர் காசம் என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஒருவர் சுருட்டை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார், அதைச் சொல்லும்போது அவர் வாயில் சுருட்டு இருந்தது. நாலாமவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்து, நிழல் தெரிகிறது என்றார். படம் தலைகீழாக இருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பெங்களூரில் தேவநேசன் என்று ஒரு டாக்டர் இருக்கிறார், நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்கிறவர், அவரிடம் போய் உங்கள் சாமர்த்தியத்தைக் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

துணைக்கு என்னைத்தான் அக்கா அனுப்பினாள். நான் அச்சாபீசில் புரூப் பார்க்கிறவன். பதினெட்டு வருஷமாக ஒரு புள்ளி, ஒரு கொம்பு என் கண்ணைத் தப்பிப் போனதில்லை என்று ஊரெல்லாம் நானே சொல்லி வைத்திருந்தேன். அக்கா அதை நம்பியிருந்தாள், பாவம்.

திங்கட்கிழமை காலையில் இறங்கினோம். குளிர் என்றால் குளிர், அப்படி ஒரு குளிர். மதுரையில் பங்குனி பிறந்தால் ஆவணி முடிகிறவரை நான் வீட்டில் சட்டை போடுகிற ஆள் இல்லை. வெறும் மேனியும் ஒரு விசிறியுமாகத்தான் உட்கார்ந்திருப்பேன். "ஏலத்துக்கு வந்த தார் மாதிரி இருக்கியே மாப்ள" என்று மச்சான் கேலி பண்ணுவார். அப்பேர்ப்பட்ட நான் பனியன், சட்டை, அதன்மேல் மச்சானுடைய சட்டை, தலைக்கு மப்ளர் என்று சுற்றிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் வெடவெடவென்று நின்றேன். நோயாளி ஒற்றைச் சட்டையோடு பக்கத்தில் நின்று ஊரை வேடிக்கை பார்த்தார்.

ஜட்கா ஒன்று பிடித்தோம். வண்டிக்காரர் உருது கலந்து ஏதோ பேசினார். நெஞ்சுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி என்று மச்சான் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, விளங்காமல் போகவே தன் நெஞ்சில் பளார் பளாரென்று அடித்துக் காட்டினார். வண்டிக்காரர் முகம் மலர்ந்துபோயிற்று. அச்சா அச்சா, கரடி மனெ என்று குதிரையைத் தட்டிவிட்டார். கரடியா, அது எதற்கு என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஆஸ்பத்திரியை மிருகக்காட்சிசாலைக்குப் பக்கத்தில் கட்டியிருப்பார்களோ என்னவோ என்று சமாதானம் செய்துகொண்டேன். அரைமணி நேரம் குலுங்கியபின் வண்டி நின்ற இடத்தில் கரடி இல்லை. கோவணம் கட்டிய பத்துப் பதினைந்து ஆண்பிள்ளைகள் செம்மண்ணில் புரண்டுகொண்டிருந்தார்கள். குஸ்திப் பள்ளிக்கூடம். கன்னடத்தில் அதற்குப் பெயர் கரடி மனெயாம், முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டுமாம். அந்த அழுத்தம் நம் எழுத்தில் தெரியாது. என் காதிலும் தெரியவில்லை. அங்கேயே நான் பாடம் படித்திருக்க வேண்டும்.

தங்கினது ஸ்ரீராம்புரத்தில், மச்சானுக்குத் தூரத்துப் பங்காளி முனிரத்தினம் வீட்டில். மில் வேலை, ஒரே அறை வீடு, அதில் எங்களுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ராகி முத்தை. நம்மூர்க் களிதான், உருட்டி உருண்டையாக்கி வைத்திருந்தார்கள். நான் வாயில் போட்டு மென்றதைக் கண்டு வீடே பதறியது. "மெல்லக் கூடாதுண்ணா, அப்படியே முழுங்கணும்" என்றார் முனிரத்தினம். மென்று தின்னு, மென்று தின்னு என்று நம்மை வளர்த்துவிட்டிருக்கிறார்கள், இங்கே மென்றால் குற்றம். மச்சான் ஒரே வாயில் ஒரு உருண்டையை உள்ளே தள்ளிவிட்டு, இந்த ஊர் பிடித்திருக்கிறது என்றார்.

டாக்டர் தேவநேசனைப் பற்றி முனிரத்தினத்துக்குத் தெரியாதது இல்லை. கண்டோன்மென்ட் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா ரெஜிமென்டுக்குச் சட்டை தைத்த டெய்லர். மகன் சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, முதலில் காசநோய்க்காரர்களின் விலா எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். கெட்ட நுரையீரல் அமுங்கி ஓய்வெடுத்தால் ஆறுமாம். பிறகு சிப்பாய்கள் நெஞ்சில் தங்கிய குண்டுகளை எடுத்தார். இப்போது கட்டிகளை எடுக்கிறார். "கத்தி சீமைக் கத்தி, ஆனா தையல் அவங்கப்பா தையல். பிரியவே பிரியாது" என்று முனிரத்தினம் சொன்னார். யாருடைய நெஞ்சில் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த மனிதரைப் பார்த்தோம். குட்டையான ஆள், காதில் மயிர், பேச்சில் அவசரமே கிடையாது. மச்சானின் முதுகில் இடதுகை விரலை வைத்து, வலதுகை விரலால் தட்டிக்கொண்டே போனார். பலாப்பழம் வாங்கும்போது நாம் தட்டுவோமே, அதேதான். தட்டித் தட்டி ஒரு இடத்தில் நின்று, பென்சிலால் வட்டம் போட்டார். அப்புறம்தான் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் நிழல் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தது. படத்தை அவர் நேராகப் பிடித்தார் என்பதையும் குறித்துக்கொண்டேன். பிறகு ஒரு வளையாத குழாயைத் தொண்டை வழியாக இறக்கி உள்ளே பார்த்தார். மச்சான் அன்று முழுக்கப் பேசவில்லை. ஒரு வாய்க் காப்பிகூட இறங்கவில்லை.

புதன்கிழமை விஷயத்தை உடைத்துச் சொன்னார். இடது நுரையீரலில் கட்டி, புற்று. விட்டு வைத்தால் அடுத்த பொங்கலைப் பார்க்க முடியாது. எடுக்கலாம், நுரையீரலோடு சேர்த்து. நெஞ்சைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து நல்ல நுரையீரலும் சுருங்கிவிடும், கால்பந்துப் பையில் ஊசி குத்தினதுபோல. அதனால்தான் இத்தனை காலம் யாரும் உள்ளே கை வைக்காமல் இருந்தார்கள். இப்போது மூச்சுக்குழாயில் குழாய் செருகி, பக்கத்தில் ஒரு டாக்டர் உட்கார்ந்து பையை அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே அனுப்புவாராம்.

"நான் வெட்டுறவன்தான். உங்களை உயிரோட வச்சிருக்கப் போறவர் பை அமுக்குறவர்" என்றார் டாக்டர்.

மச்சான் ஒன்றே ஒன்று கேட்டார், குரல் இருக்குமா என்று. டாக்டர் மழுப்பவில்லை. குரலுக்குப் போகிற நரம்பு இடது பக்கம் நெஞ்சுக்குள் இறங்கி வளைந்து மறுபடி மேலே ஏறுகிறது, கட்டி அதை ஒட்டி இருக்கிறது, உயிருக்கு முயற்சி செய்வேன், குரலுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். சனிக்கிழமை காலையில் செய்யலாம். அதற்கு மறுநாள் அவர் ராணுவ ஆஸ்பத்திரிப் பணிக்கு வடக்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று தெரியாது.

வேண்டாம் என்றார் மச்சான். ஊமையாகப் போய் மண்டியில் நிற்பதைவிடப் பேசிக்கொண்டே போய்ச் சேருகிறேன் என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து ஒரு பிரசங்கமே செய்தேன். மயக்க மருந்து இருக்கிறது, தூங்கி எழுந்தால் முடிந்தது, ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் கத்திக்குப் பயப்படலாமா, அக்கா முகத்தை நினைத்துப் பாருங்கள் என்று வெளுத்து வாங்கினேன். பக்கத்துப் பெஞ்சில் இருந்த நோயாளிகள் இரண்டு பேர் தலையாட்டி ரசித்தார்கள். மச்சான் சுருட்டைத் தேடிச் சட்டைப்பையில் கையை விட்டார்.

அவ்வளவு கத்தியதில் எனக்கு இருமல் வந்தது. குளிர்தான் காரணம். அந்த வழியாகப் போன டாக்டர் நின்றார், உள்ளே கூப்பிட்டார், மூன்று சட்டையையும் கழற்றச் சொன்னார், தட்டினார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ஒரு சீட்டில் என்னவோ கிறுக்கிவிட்டு அறுவைக்கூடத்துக்குப் போய்விட்டார். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? என்னால் படிக்க முடியவில்லை. புரூப் பார்க்கிறவனுக்கே படிக்க முடியாத கையெழுத்து அது. வார்டு ஆள் நஞ்சப்பாவிடம் காட்டிக் கேட்டேன். கன்னடக்காரர், நல்ல மனுஷர், டாக்டர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். என் தோளில் கையை வைத்து, "நிம்து எதெ கட்டி இதெ" என்றார்.

நிம்து என்றால் உங்களது, எதெ என்றால் நெஞ்சு. அந்த ஆஸ்பத்திரியில் ஒருநாள் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும். கட்டி என்றால் கட்டி. இதெ என்றால் இருக்கிறது. தமிழ் தெரிந்தவனுக்கு இதற்கு மேல் மொழிபெயர்ப்பு வேண்டுமா?

அன்று பிற்பகல் என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. பூரி கிழங்கு வாங்கிக் கொடுத்தார் மச்சான், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அரைமணி முன்னால் நான் செய்த பிரசங்கம் ஒவ்வொரு வரியாகத் திரும்பி வந்தது. தூங்கி எழுந்தால் முடிந்தது என்றேனே, எழாவிட்டால்? விலா எலும்பை விரித்து வைப்பார்களாமே, அது மடக்கென்று சத்தம் போடுமோ? சீ, என்ன வாயடா உனக்கு என்று என்னையே வைதுகொண்டேன்.

வியாழக்கிழமை முனிரத்தினம் எங்களை லால்பாக்குக்கு அனுப்பிவைத்தார், பூ பார்த்தால் மனசு மாறும் என்று. யாருக்குப் பூ வேண்டியிருந்தது? கண்ணாடி மாளிகைக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஊருக்குப் போய்விடலாம் மச்சான் என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். நேற்று அந்தக் கத்து கத்தினாயே என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மூக்கும் வாயும் ஒழுக அழுதேன். எனக்கும் கட்டி இருக்கிறது மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். ரத்தம் துப்புகிற துண்டு அது, நல்ல மூலையாகப் பார்த்துத் துடைத்தார்.

"ஒனக்கு முப்பத்தெட்டுதானேடா ஆகுது" என்றார். பிறகு, "நீ வெட்டிக்கணும் மாப்ள. நீ தனியாப் படுக்க மாட்ட, எனக்குத் தெரியும். நான் மொதல்ல படுத்துக்கிறேன். நீ பின்னாடி வா."

எனக்காக அவர் சம்மதித்தார். பிரசங்கத்துக்கு மசியாத ஆள், அழுகைக்கு மசிந்தார்.

வெள்ளிக்கிழமை மச்சான் கையெழுத்துப் போட்டார், பெரிய பெரிய எழுத்தாக. அடுத்து நான் டாக்டர் அறைக்குள் போய், எனக்கும் காகிதம் கொடுங்கள் என்றேன். எதற்கு என்றார். என் நெஞ்சில் இருக்கும் கட்டிக்கு என்றேன். டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். யார் சொன்னது என்று விசாரித்து நஞ்சப்பாவைக் கூப்பிட்டார். நஞ்சப்பா வந்து, ஆமாம் என்பதற்கு ஹௌது, ஹௌது என்று தலையாட்டி, கட்டி, கட்டி என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டு, எனக்கு ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போனார்.

"அய்யா, அது கட்டி இல்ல, கெட்டி. கன்னடத்துல கெட்டியைக் கட்டின்னு அழுத்திச் சொல்வாங்க. உங்க நெஞ்சு கெட்டியா இருக்குன்னு சொல்லியிருக்கான். சீட்டுல நான் எழுதினது இருமல் மருந்து" என்றார் டாக்டர்.

முதல் எழுத்தில் ஒரு அழுத்தம். கரடிக்கு அப்புறமும் நான் திருந்தவில்லை. பதினெட்டு வருஷம் பிழை பார்த்தவன், ஒரே எழுத்தில் இரண்டு நாள் செத்துப்போயிருந்தேன்! எழுந்து ஆடலாம் போலிருந்தது. மச்சானிடம் ஓடிப்போய்ச் சொல்வதற்குக் கதவுவரை போய்விட்டேன்.

"உக்காருங்க. அவர் எதுக்காகக் கையெழுத்துப் போட்டார்?" என்று கேட்டார் டாக்டர்.

சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப அவர் கண்ணு முழிக்கிற வரைக்கும் உங்களுக்குக் கட்டி இருக்கு" என்றார்.

அதோடு விட்டாரா? சும்மா படுத்திருந்தால் அவருக்குச் சந்தேகம் வரும், ரத்தம் வேண்டியிருக்கிறது, உங்கள் ரத்தம் சேருகிறதா பார்க்கலாம் என்றார். சேர்ந்து தொலைத்தது. ஊசியைக் கண்டால் தெருவைத் தாண்டி ஓடுகிறவன் நான். சனிக்கிழமை காலையில் மச்சானுக்குப் பக்கத்துக் கட்டிலில் என்னைப் படுக்கவைத்து ஒரு பாட்டில் நிறைய இறக்கினார்கள். அறுவைக்கு முன்னால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று நஞ்சப்பாவிடம் சொல்லியனுப்பினார் டாக்டர். நஞ்சப்பா கன்னடத்தில் சொன்னார். மச்சானுக்குப் புரியவில்லை, ஆனால் நம்பினார்.

தள்ளுவண்டியில் ஏற்றியபின் என் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"பயப்படாத மாப்ள. நான் போய் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."

கடைசியாக முழுக்குரலில் அவர் பேசி நான் கேட்டது அதுதான். வாயைத் திறந்தால் உளறிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். வண்டி திரும்பியதும் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு அழுதேன். போய்த் தடுத்து நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. எழுந்தேன், தலை சுற்றியது, மறுபடி விழுந்தேன்.

ஐந்து மணி நேரம். நடுவில் முனிரத்தினம் இட்லி கொண்டுவந்தார், கூடவே வெல்லம் போட்ட சாம்பார். அன்று அதை மறுபேச்சில்லாமல் குடித்தேன். டாக்டர் வெளியே வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. கட்டி வந்துவிட்டது, நரம்பைக் கொஞ்சம் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது, மூச்சு நன்றாக இருக்கிறது என்றார். பை அமுக்கினவர் யார் என்று கேட்டுப் போய், ஒல்லியான அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டேன். இதற்குமுன் அவரிடம் யாரும் அப்படி வந்ததில்லை போலும், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். காற்றும் கரகரப்புமாக ஏதோ வந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"ஒன்னுது எடுத்தாச்சா?"

டாக்டர் சொன்ன கெடு அதோடு தீர்ந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். நெஞ்சு முழுக்கக் கட்டுப்போட்டு, ஒரு நுரையீரலோடு, குரலும் போய், எனக்காகப் படுத்துக்கிடந்த மனிதரிடம், அது ஒரு எழுத்துப் பிழை மச்சான் என்று எந்த வாயால் சொல்வது?

"எடுத்தாச்சு மச்சான்" என்றேன்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்.

மண்டிக்கு மறுபடியும் போனார். முன்னைப்போல மாடு திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் ஏலம் விடும்போது மண்டியே வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது. இல்லாவிட்டால் காதில் விழாதே. எனக்கு அக்கா ஆறு மாதம் சூப்பு வைத்துக் கொடுத்தாள், இல்லாத கட்டிக்கு. நானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். என் பெண்டாட்டிக்கு மட்டும் விஷயம் தெரியும், அவள் சமையலறையில் போய்ச் சிரித்துவிட்டு வருவாள்.

ஒரே ஒரு சங்கடம். தழும்பு. மச்சானுக்கு முதுகிலிருந்து மார்புக்குக் கீழே வரைக்கும் அந்த டெய்லர் மகன் போட்ட தையல் இருந்தது, பிரியாத தையல்தான். எனக்கு ஒரு கீறல்கூடக் கிடையாது. ஒரே தெரு, தினம் பார்க்கிற முகம். பங்குனி வந்தாலும் சரி, சித்திரை வந்தாலும் சரி, அன்றிலிருந்து நான் சட்டையைக் கழற்றவில்லை. பெங்களூர் போய்வந்த திமிர் என்று தெருவில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஏழு வருஷம் இருந்தார். போன வைகாசியில் ஒரு காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். எடுப்பதற்கு முன்னால் குளிப்பாட்ட வேண்டும், மச்சினன் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரியவர்கள் சட்டையைக் கழற்று என்றார்கள். தயங்கினேன், அப்புறம் கழற்றினேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினபோது அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டு என் நெஞ்சைப் பார்த்தாள், விலாவைப் பார்த்தாள், முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு விளங்க வெகுநேரம் ஆகவில்லை.

"ஏழு வருஷமா ஒனக்குப் புழுங்கலயாடா?" என்று கேட்டாள்.

புழுங்கத்தான் செய்தது அக்கா என்று சொல்லிவிட்டு அவர் தலையில் தண்ணீரை ஊற்றினேன்.